மலை வளைவில் சொன்ன பாங்கு

அல்லாஹ்வை நம்பி வாழும் என் சொந்தங்களுக்கு ஸலாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் கடைசி மகள் ஷமீம் எழுதுகிறாள். போன வருஷம் கார்த்திகை மழையில் இவளை இழந்துவிட்டேன் என்றே நினைத்து நடுரோட்டில் நின்றேன். அந்தச் சாயங்காலத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் சைக்கிள் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆந்திர எல்லையோர நகரி ஊர்க்காரன். வாலிபத்தில் லுங்கி மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு புத்தூர், நாராயணவனம், அதற்கு அப்பால் மலையோர ஊர்கள் எல்லாம் சுற்றி விற்றவன். ஒரு ஊரில் மோர் கொடுப்பார்கள், ஒரு ஊரில் நாய் துரத்தும். எந்தத் தெருவில் எந்த நாய் என்றுகூட ஞாபகம் இருக்கிறது. சரி, அது இப்போது எதற்கு. ஷமீமுக்கு என்னுடைய கால்தான் வந்திருக்கிறது. திருப்பதியில் காலேஜ் படித்தபோது சைக்கிள் பந்தயத்தில் சேர்ந்தாள். தலையில் முக்காடு, அதன்மேல் ஹெல்மெட், மஞ்சள் மழைச்சட்டை. மாநிலப் போட்டிக்காக மலை ஏறிப் பழகினாள். நான் பின்னால் மொபெட்டில் போவேன். என் மனைவி வாசலில் நின்று சிரிப்பாள்.

"நீ இன்னா அவளுக்குக் காவலு? அவ போயி சேந்து, தொழுது, ஒரு தூக்கம் போட்டு எழுந்தப்புறம்தான் நீ போயி சேருவ."

அது உண்மைதான். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மலைப்பக்கம் போனில் டவர் கிடையாது. ஆகவே சாயங்காலத் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்கிற இடத்தில் அவள் நின்றுவிட வேண்டும். பெரும்பாலும் அது மலை அடிவாரத்து ஊரில்தான் கேட்கும். அங்கே சின்னப் பள்ளிவாசல் ஒன்று உண்டு. அவள் கை கால் முகம் கழுவி ஒளு செய்து காத்திருப்பாள், நான் போய்ச் சேருவேன், தொழுதுவிட்டுத் திரும்பிவிடுவோம். பல மாதம் ஒரு நாள்கூடத் தப்பியதில்லை.

அன்றைக்கு வியாழக்கிழமை. காலையிலிருந்தே மழை. மனைவி வேண்டாம் என்றாள். பந்தயத்தன்று மழை பெய்தால் என்ன செய்வது, மழையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள் ஷமீம். நானும் சரி என்றேன். நாராயணவனம் தாண்டியதும் மழை வலுத்தது. அவள் முன்னால் போய் மறைந்துவிட்டாள். நான் நனைந்துகொண்டு அடிவாரத்து ஊருக்குப் போனேன். பள்ளிவாசல் வாசலில் சைக்கிள் இல்லை.

பாங்கு சொல்லும் மோதினார் உள்ளே உட்கார்ந்திருந்தார். ஊர் பூராவும் கரண்ட் இல்லை, மைக் வேலை செய்யவில்லை, உள்ளேயே பாங்கு சொல்லி முடித்துவிட்டேன் என்றார். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"உம் பொண்ணு அப்பவே போயிடுச்சே பாய். தலையக் குனிஞ்சிக்கினு மலைமேல ஏறிச்சி."

பாங்கு கேட்கவில்லை, அதனால் இன்னும் நேரமாகவில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். கேட்கும்வரை போய்க்கொண்டே இருப்பாள். மலைக்கு அந்தப் பக்கம் பாங்கு சொல்ல ஒரு பள்ளியும் இல்லை.

மொபெட்டைத் திருப்பி மலை ஏறினேன். பாதியில் ஆடு ஓட்டிக்கொண்டு ஒருவர் எதிரே வந்தார். தலையில் யூரியா சாக்கு. அவரே என்னை நிறுத்தினார்.

"அந்தாண்ட போவாத பெரியவரே. வங்கால தண்ணி பொங்கிக்கினு வருது. தரைப்பாலம் இன்னும் செத்த நேரத்துல மூழ்கிடும்."

எங்கள் பக்கம் காட்டோடையை வங்கா என்போம். வெயில் காலத்தில் அதில் ஆடு படுத்திருக்கும். மழை வந்தால் மாட்டையே உருட்டிக்கொண்டு போகும். நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் கொஞ்சம் ஏறியதும் மொபெட் நின்றுபோனது. மிதித்துப் பார்த்தேன், உயிர் வரவில்லை. அப்படியே போட்டுவிட்டு உச்சி வளைவுவரைக்கும் ஓடினேன். ஓடினேன் என்று சொல்கிறேன், இந்த வயதில் எங்கே ஓட்டம். அங்கிருந்து பார்த்தால் கீழே ரோடு வளைந்து வளைந்து இறங்குவது தெரியும். ரொம்பக் கீழே ஒரு மஞ்சள் புள்ளி, வங்காவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"ஷமீம்" என்று கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். காற்று என் முகத்திலேயே கொண்டுவந்து அடித்தது. புள்ளி நிற்கவில்லை.

அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். யா அல்லாஹ், இவள் எனக்குக் கடைசியில் நீ கொடுத்த பிள்ளை, என்னிடம் வண்டியும் இல்லை, காலும் இல்லை, குரல் ஒன்றுதான் இருக்கிறது, அதையாவது அவள் காதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று அழுதேன்.

அப்போதுதான் மனதில் ஒன்று பட்டது. நான் ஏன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன்? அவள் காது அதற்கா காத்துக்கொண்டிருக்கிறது?

எழுந்தேன். மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திரும்பிக் காதில் விரல் வைத்துப் பாங்கு சொன்னேன். பள்ளியில் நான் பாங்கு சொன்னதே இல்லை. ஷமீம் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவள் காதில் சொன்னதோடு சரி. அப்போதே எனக்குப் பாதியில் மூச்சு வாங்கியது, நர்சம்மா சிரித்துவிட்டார்கள்; அந்தக் கதையை ஷமீமிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் மூச்சு வாங்கியது. நம்புங்கள், இரண்டாவது வரி சொல்லும்போது காற்று அடங்கியது. மழை தூறலானது. மலை முழுக்க என் குரல் எனக்கே திரும்பிக் கேட்டது.

முடித்துவிட்டுக் கீழே பார்த்தேன். மஞ்சள் புள்ளி நின்றிருந்தது.

நான் தட்டுத்தடுமாறி இறங்கிப் போவதற்குள் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஏறிவிட்டது. செம்மண் நிறத்தில், ஒரு முழு மரத்தையே இழுத்துக்கொண்டு போனது. ஷமீம் பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மழைத்தண்ணீரில் ஒளு செய்து முடித்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"காட்டுல எது பள்ளின்னு சுத்தியும் பாத்தேன் அத்தா. நடுவுல மூச்சு வாங்கிச்சி பாரு, அப்புறம்தான் நீன்னு தெரிஞ்சிது."

அவள் தலையைப் பிடித்து, ஹெல்மெட்டின் மேலேயே முத்தம் கொடுத்தேன். ஈர ரோட்டோரம் மழைச்சட்டையை விரித்து, நான் முன்னால் நிற்க, அவள் பின்னால் நிற்க, அசர் தொழுதோம். ஸஜ்தாவில் தரையில் தலை வைத்தவன் எழுந்திருக்க மனம் இல்லாமல் கிடந்தேன். அதுவரை ஐந்து வேளையும் வழக்கத்துக்குத் தொழுதவன் நான். அன்றிலிருந்து, கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்து தொழுகிறேன்.

இவள் இன்னும் அதே மலையில்தான் ஓட்டுகிறாள், ஆனால் வங்காவில் தண்ணீர் வருகிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். எங்கள் தெருவில் கரண்ட் போனால் எங்கள் பள்ளிவாசல் மோதினார் இப்போது எனக்கு ஆள் அனுப்புகிறார். பள்ளிவாசல் மாடி ஏறி நானே பாங்கு சொல்கிறேன். நடுவில் மூச்சு வாங்கத்தான் செய்கிறது. யாரும் சிரிப்பதில்லை.

என் சொந்தங்களே, நம் குரல் சின்னது, நமக்கு ஓதத் தெரியாது என்று அல்லாஹ்விடம் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். உங்களுக்கு வருகிற மாதிரி கேளுங்கள். கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. இதை எழுதிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே இந்தப் பிள்ளை, அவள்தான் எனக்குச் சாட்சி. அல்ஹம்துலில்லாஹ்.