மயிலைக்குத் தெரிந்த சத்தம்

என் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது, சைலன்சரைப் பிடித்திருக்கிற கிளாம்பு லூசாக இருக்கிறது என்பதுதான். பெட்ரோல் பங்கில் சொல்வார்கள், டீக்கடையில் சொல்வார்கள். போன மாதம் புதுக்கோட்டையில் புகைச் சோதனை செய்கிறவர் சொன்னதோடு நிற்காமல் ஸ்பேனரையே எடுத்துவிட்டார். வேண்டாம் என்று தடுத்தேன். ஏன் என்று கேட்டார். நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எதையும் நாள், கிழமை போட்டு எழுதிவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எங்கள் ஊர் நார்த்தாமலைக்குக் கிழக்கே இருக்கிறது. மலைமேல் ஆயிரம் வருஷத்துக் கல்வெட்டு, நிலத்துக்கு நான்கு எல்லையும் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அப்படியிருக்க, வண்டிக்குக் கியர் ஆயில் எப்போது மாற்றினேன் என்பது மட்டும் ஏன் மறந்துபோக வேண்டும்? அதற்கென்று ஒரு தனி நோட்டு. பிளக் மாற்றியது, பிரேக் கட்டை தேய்ந்தது, கார்புரேட்டரின் காற்றுத் திருகை எத்தனை சுற்றுத் திறந்து வைத்தேன் என்பது, எல்லாம் அதில் உண்டு. வருஷம் அட்டையில் இருக்கிறது. இங்கே மாதமும் கிழமையும் போதும். நான் சொல்லப்போவது ஏழு தைக்கு முன்னால் நடந்தது.

அக்கா வீடு எனக்கு அடுத்த தெரு. அத்தான் வளைகுடாவில் வேலை. அக்கா சாம்பல் பூத்த வெள்ளை நிறத்தில் ஒரு மயிலைக் காளை வளர்த்தாள். அதற்குப் பெயரும் மயிலைதான். தாய் இறந்துபோன கன்று. புட்டியில் பால் கொடுத்து அவளே ஆளாக்கியது. மூன்று வயதுக்குப் பிறகு வாடிவாசலுக்குப் போக ஆரம்பித்தது. நான் தினமும் சாயங்காலம் புதுக்கோட்டை ஆபீசிலிருந்து திரும்பும்போது அதற்குப் பருத்திக்கொட்டையும் தவிடும் வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு வருவேன். வண்டி ஊர்ப் பாலத்தில் ஏறும்போதே கட்டுத்தறியிலிருந்து மயிலை குரல் கொடுக்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அக்கா அடுப்பில் டீத் தண்ணீர் வைப்பாள். நான் வாசலில் ஸ்டாண்டு போடும்போது டீ கொதித்திருக்கும்.

வாடிவாசலிலும் இதுதான் எங்கள் வழி. அவிழ்த்துவிட்ட மாட்டைத் திரும்பப் பிடிப்பதுதான் பெரிய பாடு. அடக்க வந்தவர்களைத் தாண்டி ஓடிய மாடு மிரண்டு எங்காவது போய்விடும். எங்கள் பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைக் கிணறுகள் நிறைய. ஓடி வந்த மாடு அதில் விழுந்து செத்த கதை ஒவ்வொரு ஊரிலும் ஒன்று இருக்கும். மயிலைக்கு அந்தப் பயம் இல்லை. ஓட்டம் முடிகிற இடத்தில் நான் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நிற்பேன். அது நேராக வண்டியிடம் வந்து பருத்திக்கொட்டை மூட்டையைத் தேடும். அக்கா கயிற்றைப் போட்டுவிடுவாள். பெட்ரோல் வாசம் பிடித்த மாடு என்று சுற்றுப்பட்டில் கேலி செய்வார்கள்.

நான் சொல்லவந்த தைக்கு முந்தைய தையில் மட்டும் ஒரு சிக்கல். கூட்டம் வழியை அடைத்துக்கொண்டதால் மாடு வேறு பக்கம் ஓடிவிட்டது. நானும் ஒரு பங்காளியும் வண்டியில் துரத்தினோம். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரை ஏற முடியாமல் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. மாடு தானாகவே நின்றபோது ஒரு மொட்டைக் கிணற்றுக்கும் அதற்கும் நாலு முழம் இடைவெளி. அதை யாரோ போனில் வீடியோ எடுத்து அனுப்ப, அத்தான் அங்கே பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"மாப்ள, அது வண்டியா, தையல் மெசினா?"

அடுத்த மார்கழியில் லீவில் வந்தவர், இறங்கியவுடன் சொன்ன முதல் விஷயம் வண்டியைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான். மாடு எங்கே ஓடினாலும் வண்டி அதை முந்த வேண்டும். அக்காவும் சரி என்றாள். அந்தக் கிணற்றை அவள் மறக்கவில்லை.

மெக்கானிக் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். திருச்சி ரோட்டில் கடை. அப்போது கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் கடை முகப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. குடிலுக்குப் போட்ட வைக்கோலை மயிலைக்கென்று சாக்கில் கட்டி வைத்திருந்தான். மார்கழிக் கடைசி வியாழக்கிழமை காலையில் வண்டியைப் பிரித்தோம்.

டூ-ஸ்ட்ரோக்கில் பலத்தைப் பிடித்து வைத்திருப்பது சைலன்சர் என்று அவன் விளக்கினான். நடுவில் புடைத்து, வால்பக்கம் ஒடுங்கிய ரேஸ் சைலன்சர் ஒன்றைத் திருச்சியிலிருந்து வரவழைத்திருந்தான். சிலிண்டரில் புகை வெளியேறுகிற துளையை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினான். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். முதல் ஓட்டத்தில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெள்ளையாக இருந்தது. புகை வேகமாகப் போவதால் பெட்ரோல் போதவில்லை, இப்படியே ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்று, கார்புரேட்டரில் பெட்ரோல் விடுகிற எண்பத்தைந்தாம் நம்பர் ஜெட்டை எடுத்துவிட்டு, துளை பெரிதான தொண்ணூற்றைந்தைப் போட்டான். அதன்பிறகு பிளக் முனை காப்பி நிறத்துக்கு வந்தது. அதுதான் சரியான நிறம்.

அந்த ஓட்டத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஆக்சிலேட்டரைப் பாதி திருகும்வரை சாதுவாக இருந்த வண்டி, அதற்குமேல் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் பாய்ந்தது. நார்த்தாமலை விலக்கிலிருந்து எங்கள் பாலம்வரை அத்தான் போனில் நேரம் பார்த்தார். முன்பைவிட ஐம்பது நொடி குறைவு. இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரையில் இரண்டாவது கியரிலேயே ஏறியது. முப்பத்தைந்து வயதுக்காரன் பள்ளிக்கூடப் பையன்போல் சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அத்தானும்.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது அக்கா வெளியே வந்து, யாரோ வம்புக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன் என்றாள். அன்று டீ தயாராக இல்லை. அதையும் பெருமையாகவே நோட்டில் எழுதிவைத்தேன்.

அடுத்த பத்து நாளும் வண்டிப் பேச்சுதான். கட்டுத்தறிப் பக்கம் வண்டி போனால் மயிலை கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கும், மண்ணைக் காலால் வாரி அடிக்கும். அத்தானுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். மாட்டுக்குச் சூடு ஏறுகிறது, இந்த வருஷம் ஒருத்தனும் நெருங்க முடியாது என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தை இரண்டாவது ஞாயிறு, வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் வாடிவாசல். மயிலையைக் குட்டியானை மினி லாரியில் ஏற்றி, கொம்புக்குச் சந்தனம் தடவி, காலையிலேயே வரிசையில் நின்றோம். பதினொன்றே காலுக்கு அவிழ்த்துவிட்டார்கள். ஒருவர் கையும் திமிலில் நிற்கவில்லை. பிடிபடாத மாட்டுக்குப் பரிசாக மைக்கில் அண்டா அறிவித்தது எனக்கும் கேட்டது. நானும் அத்தானும் ஓட்டம் முடிகிற இடத்தில் வண்டியோடு தயாராக இருந்தோம். அக்கா கயிற்றோடு பக்கத்தில் நின்றாள்.

மயிலை எங்களை நோக்கித்தான் வந்தது. நான் ஆக்சிலேட்டரைத் திருகினேன். அது நின்றது. காதை விடைத்துக்கொண்டு ஒரு கணம் பார்த்தது. அப்படியே திரும்பித் தைலமரக் காட்டை நோக்கி ஓடிவிட்டது.

துரத்தினோம். வண்டி நாங்கள் ஆசைப்பட்டபடியே ஓடியது. நெருங்க நெருங்க மாடு இன்னும் வேகமாக ஓடியது. மூன்று முறை பத்தடிக்குள் போனோம். மூன்று முறையும் சத்தத்தைக் கேட்டுத் துள்ளி வேறு பக்கம் பாய்ந்தது. இரண்டு மணிக்கு மேல் கண்ணில் படவே இல்லை.

திங்கட்கிழமை முழுக்கத் தேடினோம். மாட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டதில் எட்டு இடத்திலிருந்து அழைப்பு. ஏழு இடத்தில் வேறு மாடு. எட்டாவது இடம் தைலமரக் காட்டோரம், அங்கே மயிலையின் குளம்படி மட்டும். ஒவ்வொரு கிணறாக எட்டிப் பார்த்தோம். அக்கா எங்களோடு வந்தாள், ஆனால் எந்தக் கிணற்றையும் எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் திரும்பி வரும்வரை வரப்பில் நின்று எங்கள் முகத்தைப் பார்ப்பாள். சாயங்காலம் அவள் சொன்னது ஒன்றுதான்.

"நீங்க ரெண்டு பேரும் அது பின்னாடி போகாதீங்க. போகப் போகத்தான் அங்கிட்டு ஓடுது."

செவ்வாய் காலையில், எங்கெங்கே தேடியாயிற்று என்று குறிக்க நோட்டை எடுத்தேன். பக்கத்தைப் புரட்டும்போது என் கையெழுத்திலேயே இருந்தது. சைலன்சர் மாற்றியதற்கு மறுநாள் வெள்ளி: "மயிலை குரல் கொடுக்கவில்லை." சனி: "இன்றும் இல்லை. கயிற்றை இழுத்தது." திங்கள்: "இல்லை." ஜெட் நம்பருக்கும் பிளக் நிறத்துக்கும் நடுவில், அதே மையில். எழுதியவன் நான். படிக்கத்தான் ஆளில்லை.

அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் படித்துவிட்டு, பழைய சைலன்சர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது. மெக்கானிக் அதைத் தார்ப்பாய் பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்திருந்தான். பையில் சாமானைப் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கெல்லாம் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டான். சைலன்சரை மாட்டினான். நோட்டைப் பார்த்து எண்பத்தைந்தாம் நம்பர் ஜெட்டைத் திரும்பப் போட்டான். காற்றுத் திருகு ஒன்றரைச் சுற்று. ஆனால் சிலிண்டரில் அரம் போட்டதை ஒன்றும் செய்வதற்கில்லை. தேய்த்தது தேய்த்ததுதான் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

ஸ்டார்ட் செய்தோம். எனக்கும் அத்தானுக்கும் பழைய சத்தமாகவே கேட்டது. அக்கா கட்டுத்தறிக்குப் போய், மயிலை நிற்கிற இடத்தில், எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள்.

"இது இல்ல," என்றாள்.

மெக்கானிக் திருகைக் கால் சுற்று மாற்றினான். இன்னும் கொஞ்சம் கம்மி என்றாள். மறுபடி மாற்றினான். கிட்டத்தில் வந்துவிட்டது, ஆனால் ஒன்று குறைகிறது என்றாள். என்ன குறைகிறது என்று அத்தான் பொறுமையிழந்து கேட்டார்.

"கூடவே ஒரு சத்தம் வருமே. தகர டப்பாவுல ஒத்தக் காசப் போட்டு ஆட்டுன மாதிரி."

மெக்கானிக்குக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அது சத்தம் இல்லக்கா, ரிப்பேரு. கிளாம்பு லூசு. இப்பத்தான் நல்லா முறுக்கிவிட்டேன்."

"அந்த ரிப்பேரத் திருப்பிக் குடுங்க தம்பி."

நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினான். ஒன்றேகால் சுற்றில் அக்கா கையை உயர்த்தினாள். கட்டுத்தறியிலிருந்து வந்து, பருத்திக்கொட்டைப் பையை எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். ஐந்து வருஷம் அந்த வண்டியை ஓட்டிய எனக்கு அந்தக் கடகடப்பு காதில் விழுந்ததே இல்லை. நோட்டில் ஒரு வரி கிடையாது.

அத்தானும் மெக்கானிக்கும் குட்டியானையில் பின்னால் வந்து, வெகுதூரத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். நானும் அக்காவும் தைலமரக் காட்டை ஒட்டிய செம்மண் பாதையில் இரண்டாவது கியரில் போனோம். ஆபீசிலிருந்து வருகிற வேகம்தான். ஒரு நடை போய்த் திரும்பினோம். ஒன்றுமில்லை. இன்னொரு நடை. காய்ந்த இலை காற்றில் உரசுவதைக்கூட மாட்டு நடை என்று நினைத்தேன். மூன்றாவது நடையில் பாதை வளைகிற இடத்தில் நிற்கச் சொன்னாள். இஞ்சினை அணைக்கவில்லை. புகை நீலமாகச் சுற்றிக்கொண்டு நின்றது. சாயங்காலம் நாலே கால்.

நாங்கள் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வறண்ட கண்மாய்க்குள்ளிருந்து கரைமேல் ஏறி நின்றது மயிலை. இடது காது கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது, விலாவெல்லாம் முள் கீறல். இன்னொரு முறை குரல் கொடுத்துவிட்டு இறங்கி வந்தது. நான் சாவியில் கை வைத்தேன்.

"அணைக்காதடா," என்றாள் அக்கா.

மாடு வந்து பைக்குள் வாயை விட்டது. கயிறு கழுத்தில் ஏறி, முடிச்சு விழுந்து, அது ஒரு பை பருத்திக்கொட்டையையும் தின்று முடிக்கும்வரை வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அத்தான் விமானம் ஏறினார். ரேஸ் சைலன்சரை மெக்கானிக்கே வாங்கிக்கொண்டான். நட்சத்திரத்தைக் கழற்றிய ஆணியில் அது பல நாள் தொங்கியது. அந்தப் பத்து நாள் பாய்ச்சலை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை குறுகுறுக்கத்தான் செய்கிறது. அது பொய்யில்லை.

மயிலை அதன்பிறகு வாடிவாசலுக்குப் போகவில்லை, அக்கா அனுப்பவில்லை. போன ஐப்பசியில் வயதாகிப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் கொல்லையிலேயே அடக்கம் செய்தோம். பருத்திக்கொட்டை வாங்குகிற வேலை இப்போது இல்லை. ஆனாலும் சாயங்காலம் அந்தத் தெரு வழியாகத்தான் வருகிறேன். பாலம் ஏறும்போது கட்டுத்தறியிலிருந்து குரல் எதுவும் வருவதில்லை. அக்காவே கிளாம்புச் சத்தத்தைக் கேட்டு அடுப்பில் தண்ணீர் வைக்கிறாள்.