ஆமென் சொல்லாத ஒன்பது நாள்

இது நடந்தது. தம்பிஐயா தன் வாயாலேயே சொன்னது. சந்தைக்குப் போன சனத்துக்கு முன்னால் தன் வேட்டி உருவப்பட்ட கதையையே ஒளிக்காமல் சொன்ன மனுசன், மிச்சத்துக்குப் பொய் சொல்ல என்ன தேவை?

வேட்டியை உருவியது மேஜர். பண்டத்தரிப்பில் பக்கத்து வளவு நேசையா மாஸ்டரின் அல்சேஷன் நாய். எல்லை வேலிக் கதியால் தடியைப் பிடுங்கி அரை அடி அங்கால் நடப் போன தம்பிஐயாவை அது கடிக்கவில்லை. வேட்டித் தலைப்பைக் கவ்விக்கொண்டு, மாஸ்டர் வந்து 'விடு' என்று சொல்லுமட்டும் அசையாமல் நின்றது. அசைந்தது தம்பிஐயாதான். அவர் கோவணத்தோடு வீட்டுக்கு ஓட, வேட்டி நாயோடு நின்றுவிட்டது.

1987 ஒக்டோபர் ஆறாம் திகதி மாஸ்டர் கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்குப் போனார். மனைவி இல்லாத மனுசன். நாயை ஒப்படைக்கப் பக்கத்து வீட்டை விட்டால் வேறு ஆளில்லை. ஒரு தாளில் எல்லாம் எழுதிக் கொடுத்தார். நாளும் மயிர் வார வேண்டும். வெயிலுக்கு ஈரச் சாக்கு விரிக்க வேண்டும். கோழி எலும்பு கூடாது. பின்னேரம் சரியாக ஐந்தரைக்குச் சோறு.

"கள்ளர் நஞ்சு வைச்ச இறைச்சி எறிவாங்கள் எண்டு பழக்கி வைச்சிருக்கிறன். செபம் முடிச்சு 'ஆமென்' எண்டு சொன்னால்தான் வாய் வைக்கும். ஆர் சொன்னாலும் காணும், தின்னும். செத்தாலும் சொல்லுத் தவறாத சாதி, தம்பிஐயா."

தம்பிஐயா தலையாட்டினார்.

அன்று ஐந்தரைக்குச் சோற்றை வைத்தார். மேஜர் நிமிர்ந்து இருந்து அவர் முகத்தையே பார்த்தது. "முருகா" என்றார். அசையவில்லை. "அரோகரா" என்றும் சொல்லிப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு நாய்க்காக ஆமென் சொல்வதோ? பசித்தால் தின்னும் என்று வந்துவிட்டார். அவர் சொன்ன காரணம் அது. உள்ளுக்குள் கிடந்தது வேட்டி.

பத்தாம் திகதி சண்டை தொடங்கி ஊரடங்கு. ஒழுங்கையில் குருவி கூட இல்லை. தம்பிஐயா மட்டும் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து போய் நாளும் சோறு வைத்தார். நாய் தண்ணீரை மட்டும் குடித்தது. சோற்றில் எறும்பு ஏறியது. மேஜரின் வாயிலிருந்து வீணீர் நூலாக இறங்கியது. நாய் சாப்பிடுதோ என்று மனைவி நல்லம்மா கேட்டபோதெல்லாம், ஓம் ஓம் என்றார்.

ஒன்பதாம் நாள் அது சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. கண் மட்டும் அவர் முகத்தில்.

சொல்ல வாயெடுத்தார்... சொல்லவில்லை.

மறுநாள் விடிய, அது விறைத்துக் கிடந்தது. தன் வளவுப் பக்க வேலியோரம் கிடங்கு வெட்டித் தாட்டார்.

அன்று பின்னேரமே தொடங்கியது.

மணி ஐந்தரை. பசியோடு சாப்பிட இருந்தார். சோற்றில் கை வைத்தார்.

கை எழும்பவில்லை.

இடது முழங்காலில் சுடு மூச்சு.

ஹா... ஹா... ஹா...

குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. நிலத்தில் ஒரு சொட்டு ஈரம்.

"என்னப்பா, நாய் மாதிரிச் சோத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள்?" என்றாள் நல்லம்மா.

ஐந்து முப்பத்துநாலு... ஐந்து நாற்பத்தொன்று...

அவர் வாயிலிருந்து வீணீர் நூலாக இறங்கியது.

"ஆமென்..."

கை எழும்பியது.

மூன்று கோப்பை சோறு சாப்பிட்டார். வயிற்றில் ஒரு பருக்கை விழுந்தது போல இல்லை. அவர் மெல்லும்போது பக்கத்திலும் ஏதோ மென்றது. சளக்... சளக்... அவர் நிறுத்தினால், ஒரு கணம் பிந்தி அதுவும் நிறுத்தியது.

பிறகு ஒவ்வொரு நேரமும் இதே கதைதான். எப்ப கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினீர் என்று அயல் பகிடி பண்ணியது. மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டவர் ஈர்க்குக் குச்சியாகிப் போனார். இப்போது வேட்டியை உருவ நாயே தேவையில்லை, தானாக இறங்கியது. நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, நல்லாய்ச் சாப்பிடும் என்றார் டொக்டர். இப்படியே போனால் தைப்பொங்கல் காணமாட்டார் என்று நல்லம்மாவுக்கு விளங்கிவிட்டது.

டிசம்பர் இருபதாம் திகதிதான் மாஸ்டருக்குத் திரும்பி வரப் பாதை கிடைத்தது. கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்றார். நாய் அவரை நினைத்து ஏங்கி, ஒன்றும் சாப்பிடாமல் செத்துப்போனது என்று தம்பிஐயா சொன்னார். மாஸ்டர் சத்தமில்லாமல் அழுதார். எலும்பையாவது தன் வளவுக்குள் புதைக்க வேண்டும் என்றார்.

பகல் இரண்டு மணி பத்து நிமிடம். தம்பிஐயா அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார். மாஸ்டரே மண்வெட்டி பிடித்தார்.

மண் விலகியது.

மயிர். தோல். எலும்பு.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாப்பிடேல்லை எண்டீர்...?"

விலா எலும்புக்குள் சோறு. நிறைய. மென்ற சிவப்பரிசிச் சோறு, பூசணிக்காய்க் கறி, பருப்பு.

நல்லம்மா அன்று மத்தியானம் சமைத்தது.

மாஸ்டர் விரலால் தொட்டுப் பார்த்தார்.

சூடு ஆறவில்லை.