முதலில் தேநீர், பிறகு கேள்வி

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மலை என்பது படத்தில் பார்க்கிற சாமான். எங்கள் பக்கத்தில் நிலம் கடல் வரைக்கும் ஒரே தட்டை. டென்மார்க்கிலும் ஒரு மலை இருக்கிறது, அதன் பேருக்கு ஆகாய மலை என்று அர்த்தம் என்று மொழி வகுப்பு ஆசிரியை சொன்னபோது நான் நம்பிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எதற்கென்று அங்கே போன பிறகுதான் விளங்கியது.

அப்போது நான் எஸ்பியர்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. ஆடி மாதத்தில் தொழிற்சாலையைப் பூட்டி எல்லாரையும் லீவில் விட்டுவிடுவார்கள். டேனிஷ்காரர் கூடாரத்தையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு புறப்படுவார்கள். நாங்கள் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருப்போம். மனைவியைக் கூப்பிட நான் மனுப் போட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. கொப்பன்ஹேகன் குடிவரவுக் கந்தோரிலிருந்து ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. அவள் யாழ்ப்பாணத்தில் தமக்கை வீட்டில், இந்திய ஆமியின் சோதனைக்கும் ஊரடங்குக்கும் நடுவில் இருந்தாள். என்னோடு அறையில் இருந்த அண்ணைக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதே வரிசையில். யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு அவர் சொல்வார்:

“உந்தத் தபால்காரன்ரை சைக்கிளுக்கு எங்கட வாசலிலை மட்டும் பிரேக் பிடிக்குதில்லையடா.”

ஆட்களின் வாயிலிருந்து இப்படி விழுகிறதைப் பொறுக்கி வைப்பது என் பழக்கம். பள்ளிக்கூடத்தில் நான் பெரிதாக ஒன்றும் படிக்கவில்லை. படித்ததெல்லாம் மனிதர் கதைக்கிறதைக் கேட்டுத்தான். ஆனால் அந்த ஆடியில் அண்ணையின் பகிடிக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவுத் துவாரத்தால் கடிதம் விழுகிற சத்தத்துக்குக் காது கொடுத்துக் கொடுத்து விசர் பிடிக்கும் போலிருந்தது. அந்த ஆகாய மலையையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று தெரிந்த பெடியன் ஒருவனின் முதுகுப்பையை இரவல் வாங்கினேன். இரண்டு சட்டை, ஒரு துவாய், ஒரு போத்தல் மிளகாய்த்தூள், அவ்வளவுதான்.

“கண்டறியாத மலை!” என்றார் அண்ணை. “மலையேறித் திரியிறவனுக்குப் பெண்சாதி என்னத்துக்கெண்டு கேப்பாங்கள். ஆரும் விசாரிச்சால் பொலிசிலை சொன்னதை மட்டும் சொல்லு. ஒரு சொல் கூட்டாதை, ஒரு சொல் குறைக்காதை.”

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அந்த நாட்களில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் நடந்துகொண்டோம். வந்து இறங்கியபோது பொலிசில் கொடுத்த வாக்குமூலம் ஒன்று இருந்தது. அதற்கும் பிறகு எங்கேயாவது வாயில் வருகிறதற்கும் வித்தியாசம் இருந்தால் பொய்காரன் என்று கோப்பைக் கட்டிவிடுவார்கள் என்று பயம். ஆகவே அவரவர் கதையை அப்படியே பாடமாக்கி வைத்திருந்தோம், செபம் சொல்வது மாதிரி.

மலைக்குக் கிட்ட ஏரிக்கரையில் இருந்த நடைப்பயணிகள் விடுதி பெரிய பழைய வீடு. அடுப்படி எல்லாருக்கும் பொது. நான் முட்டை பொரித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்ணும் ஒரு ஆணும் உள்ளே வந்தார்கள். இரண்டு பேருக்கும் முப்பது வயதுக்குள் இருக்கும். அவர்களின் முதுகுப்பைகள் வெயிலில் வெளிறி, பட்டிகளில் நிறநிறமான நூல்கள் தொங்கின. அந்தப் பெண் என் சட்டியை எட்டிப் பார்த்து மணத்தை இழுத்துவிட்டு, தன் பையிலிருந்து இஞ்சியை எடுத்தாள். பாலையும் சீனியையும் தேயிலையையும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சினாள். டென்மார்க் வந்த பிறகு வேறு ஆள் கையால் எனக்குக் கிடைத்த முதல் பால்தேநீர் அது. இமயமலையில் ஒரு சின்ன ஊரில் தங்கியிருந்து இப்போதுதான் திரும்பியிருக்கிறார்களாம். அங்கே பழகியதாம்.

கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டு, முன்னால் ஒரு தட்டு பிஸ்கற்றும் வைத்தாள்.

 நான் வந்து இறங்கிய அன்றைக்குப் பொலிஸ்காரரும் இப்படித்தான் செய்தார். முதலில் கோப்பியும் பிஸ்கற்றும் தள்ளிவிட்டு, சிரித்து, பிறகுதான் கேட்கத் தொடங்கினார்.

அவர்கள் கேட்டது டேனிஷில். அதை எனக்கு என் வாயால்தான் திருப்பிச் சொல்ல வரும். ஆகவே இங்கே அவர்களும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார்கள்.

“எங்கையிருந்து வாறீர்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“யாழ்ப்பாணம், இலங்கை.”

“எந்தப் பாதையாலை வந்தனீர்?”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். “கொழும்பிலையிருந்து மொஸ்கோ. மொஸ்கோவிலையிருந்து கிழக்கு பெர்லின். அங்கையிருந்து ரயிலும் கப்பலும்.”

“மொஸ்கோவாலையோ!” என்று ஆண் துள்ளினான். “எங்களுக்கு அந்தப் பாதைக்கு விசா தரேல்லை. குடுத்து வைச்ச ஆள்! தனியவோ வந்தனீர்?”

“தனிய.”

“அங்கை எத்தினை நாள் நிண்டனீர்? எங்கை படுத்தனீர்?”

“விமான நிலையத்திலை. அங்கை இருக்கிற வாங்கிலை.”

“நாங்களும் வந்த வழியிலை அப்பிடித்தான்!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர்களுக்குச் சந்தோஷம். எனக்குப் பயம். பொலிசில் கேட்ட அதே கேள்விகள், கிட்டத்தட்ட அதே ஒழுங்கில். இமயமலை ஊரில் பின்னேரமானால் பயணிகள் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றியிருந்து இப்படித்தான் கேட்டுக் கேட்டுச் சிநேகமாவார்களாம். எங்கேயிருந்து, எந்தப் பாதை, ஆரோடு, அடுத்தது எங்கே. அவள் அதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. உலகத்தில் ஆராவது பொழுதுபோக்குக்கு இந்தக் கேள்விகளைக் கேட்பார்களா?

“நீர் என்ன வேலை?” என்று ஆணைக் கேட்டேன்.

“கொமூனிலை” என்றான்.

கொமூன் என்றால் அந்த ஊர் நிர்வாகம், எங்கள் காகிதங்கள் எல்லாம் முதலில் போய் விழுகிற இடம். அதற்குப் பிறகு நான் தேநீரைத் தொடவில்லை. அவன் கொமூனின் பூங்காக்களில் புல்லு வெட்டுகிறவன் என்பது மறுநாள்தான் தெரிய வந்தது.

பெண் கடைசியாக ஒன்று கேட்டாள். “அங்கை சமாதானம் வந்திட்டுதெண்டு பேப்பரிலை கிடந்தது. இனி ஊருக்குத் திரும்பிப் போவீரோ?”

ஆசை இல்லாமலா? ஆனால் ஓம் என்று சொன்னால், போகக்கூடியவனுக்கு இங்கே மனைவி எதற்கு என்பார்கள். இல்லை என்று சொன்னால் அது வாக்குமூலத்தில் இல்லாத சொல். “முட்டை ஆறுது” என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

விடிய அவர்களுக்கு முன்னால் புறப்பட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சப்பாத்தைக் கட்டி நிமிர, இரண்டு பேரும் வாசலில் நிற்கிறார்கள். ஒன்றாகப் போவோமாம். மூன்று பேராக நடந்தோம். நான் பின்னால் நடந்தேன். பின்னால் நடப்பவனிடம் கேள்வி கேட்பது கஷ்டம். மலை என்று நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏற, இமயமலை பார்த்துவந்த இரண்டு பேரும் கதைத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். உச்சியில் ஒரு செங்கல் கோபுரமும், ஐஸ்கிரீம் கடையும் இருந்தன.

“உதை மலையெண்டு சொல்ல எங்கட ஆக்களுக்குத் துணிவு வேணும்” என்றான் ஆண்.

பெண் கமராவை எடுத்தாள். நான் முகத்தைத் திருப்பினேன்.

“வேண்டாம்.”

“ஏன்? உம்மட மனிசிக்கு அனுப்பலாமே?”

மனைவி இருக்கிறாள் என்று நான் சொல்லவேயில்லை. “எனக்கு மனிசி இருக்கெண்டு உமக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. ஐஸ்கிரீமுக்கு நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் என் விரலைக் காட்டினாள். மோதிரம்.

வெட்கம் பிடித்துத் தின்றது. அந்த வெட்கத்தில்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: மனு, ஒரு வருடம், ஒரு சத்தமும் இல்லை, அவள் அங்கே இருக்கிற நிலைமை. வாக்குமூலத்தில் இல்லாத சொற்கள் எத்தனையோ விழுந்தன.

இப்போது சந்தேகம் மற்றப் பக்கம் போனது. ஆண் நாடியைத் தடவினான்.

“உது நடக்கேலாது” என்றான். “இது டென்மார்க். சட்டப்படி கேட்டால் பதில் தருவினம். நீர் எங்கையோ பிழையாய் எழுதியிருக்கிறீர். இல்லாட்டி எங்களுக்குச் சொல்லாத ஏதோ ஒண்டு இருக்கு.”

“ஒண்டுமில்லை.”

“அப்ப ஏன் பதிலில்லை?”

அவன் என்னைப் பார்த்த பார்வை முதல் நாள் நான் அவனைப் பார்த்த அதே பார்வை. பெண் கமராவைப் பைக்குள் வைத்தாள். “போன் எடுத்துக் கேட்டால் முடிஞ்சுது” என்றாள். “இங்கை அப்பிடித்தான் செய்யிறது. நான் கேக்கிறன்.”

நான் வேண்டாம் என்றேன். இறங்குகிற வழியெல்லாம் வேண்டாம் என்றேன். கந்தோர்காரர் எரிச்சலில் என் கோப்பை எடுத்து எல்லாக் கோப்புகளுக்கும் அடியில் வைத்துவிட்டால் என்ன செய்வது? அவளுக்கு அது விளங்கவில்லை. கந்தோர் என்றால் அவளுக்கு, அவளின் வரிக்காசில் அவளுக்காக வேலை செய்கிற இடம். மலையிலிருந்து இறங்கி விடுதிக்கு வந்தும் கந்தோர் பூட்டுகிற நேரமாகவில்லை. அவ்வளவுதான் அந்த மலையின் உயரம்.

விடுதி வாசலில் சுவரில் ஒரு போன். அவள் விடுவதாக இல்லை; கடைசியில் என் பெயரையும் கோப்பு இலக்கத்தையும் சொன்னேன். சொல்லும்போதே, மனைவி வருகிறாள் என்று கேட்கப்போகிறேனா, இல்லை இனி வரவே மாட்டாள் என்றா என்று நினைத்தேன். அந்தப் பெண் கந்தோரின் இலக்கத்தைச் சுழற்றி, சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னாள். காலநிலையைப் பற்றிக்கூட ஏதோ பகிடி விட்டாள். பிறகு, “ஓம், தமிழ் ஆள்” என்றாள்.

சிரிப்பு நின்றது. காத்திருந்தாள். வேறு ஆளுக்கு மாற்றினார்கள்; முதலிலிருந்து சொன்னாள். திரும்பவும் மாற்றினார்கள்.

“எவ்வளவு காலம் எண்டு தெரிய வேண்டாமோ?” என்றாள். பிறகு, “இல்லை, நான் சொந்தக்காரி இல்லை.” பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். “என்ரை பேர் ஏன் உங்களுக்கு?” என்றாள். ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டாள்.

“என்ன சொன்னவை?” என்று கேட்டேன்.

“பாக்கினமாம்.”

“வேறை?”

“வேறை ஒண்டும் சொல்லேல்லை. முதல் போனை எடுத்தவ நல்லாய்த்தான் கதைச்சவ. தமிழ் எண்டதும் குரல் மாறிட்டுது. கடைசி ஆள் நான் ஆர், இருக்கிறது எங்கை, உம்மை எப்பிடித் தெரியும் எண்டு கேட்டவர்.”

“சொன்னனீரோ?”

“இல்லை.” அவள் சுவரோடு சாய்ந்தாள். “எனக்குப் பயமாப் போச்சுது. ஏன் பயந்தனான் எண்டு தெரியேல்லை.”

“பேரைச் சொன்னால் என்ன? ஒளிக்கிறதுக்கு என்ன கிடக்கு?” என்றான் ஆண்.

“அப்ப நீ எடு” என்று ரிசீவரைத் திரும்பவும் எடுத்து அவனிடம் நீட்டினாள். “எடுத்து உன்ரை பேரைச் சொல்லு. கொமூனிலை வேலையெண்டும் சொல்லு.”

அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையை நீட்டவில்லை. அவள் அதைக் கைவிட, ரிசீவர் வயரில் தொங்கியது. அதை எடுத்து வைத்தது நான்தான்.

அன்றைக்குப் பின்னேரம் மூன்று பேரும் அதே மேசையில் இருந்தோம். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் மிளகாய்த்தூள் போட்டுக் கிழங்குக் கறி வைத்தேன். ஆண் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டான். அவர்களோடு எனக்குச் சிநேகம் உண்டானது அந்த மேசையில்தான் என்று நினைக்கிறேன். விலாசங்களை மாற்றிக்கொண்டோம்.

எஸ்பியர்க்குக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னபோது அண்ணை கையிலிருந்த சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

“உனக்கென்ன விசரே! கந்தோருக்கு ஒரு வெள்ளைக்காரியைக் கொண்டு போன் அடிப்பிச்சனியோ? உன்ரை கோப்போடை எங்கட கோப்பையும் சேத்துத் தாட்டுட்டியடா! அவள் ஆர், எவர் எண்டு தெரியுமே உனக்கு? பொலிஸ்காரியாயிருந்தால்?”

அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. ஒரே அறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார். கொஞ்ச நாள் கழித்து, நான் இஸ்திரிப்பெட்டியால் சட்டை மினுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

“அந்தப் பிள்ளை…” என்று இழுத்தார். “இன்னொருக்கா எடுப்பாளோ? எடுத்தால் எங்கட இலக்கத்தையும் ஒருக்காக் கேக்கச் சொல்லு.”

அவளின் விலாசத்துக்குக் கடிதம் போட்டேன்; அவள் எடுத்தாள். அந்த முறை தன் பேரைச் சொல்லித்தான் கேட்டாளாம். மாதத்துக்கு ஒரு முறையாவது எடுத்து எங்கள் இரண்டு பேரின் இலக்கத்தையும் சொல்வாள். பார்க்கிறார்களாம் என்பதுதான் பதில். எங்கள் மனுக்களைத் தொடவேண்டாம் என்று நீதி மந்திரியே மேலேயிருந்து சொல்லியிருந்த விஷயம் பிற்பாடு வெளியே வந்தது. அதற்குத் தமிழர் வழக்கு என்று பேர் வந்து, ஒரு அரசாங்கமே விழுந்தது. அவள் எடுத்த போனால் ஒரு கோப்பாவது ஒரு அங்குலம் நகர்ந்ததா என்று எனக்குத் தெரியாது.

விஷயம் வெளியே வந்த பிறகுதான் என் மனைவி வந்து சேர்ந்தாள். மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய வந்தாள். ஒருநாள் ஆறுதலாக இருக்கும்போது அந்த டேனிஷ்காரியின் கதையை முழுக்கச் சொன்னேன். மலை, போன், மாதாமாதம் கேட்டது எல்லாம். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். நான் முடித்த பிறகும் கை நிற்கவில்லை.

“அதெல்லாம் சரி” என்றாள். “முன்பின் தெரியாத ஒரு பெம்பிளை ஏனப்பா உங்களுக்கு இவ்வளவு செய்தவள்?”

நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பும்படியாக ஒன்றும் வாயில் வரவில்லை.