அண்ணி நிறுத்திய கடிகாரம்

தெருவில் எங்கள் அண்ணிக்குக் 'கரண்ட்டம்மா' என்று பெயர். பல நாட்டுக்காரர்கள் கூடிப் பேசும் பெரிய மண்டபத்தில் அவர்தான் எலக்ட்ரீஷியன். அதே மண்டபத்தில் மேசை நாற்காலி போடுவது என் வேலை. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, ஷாக் அடித்துக்கொண்டிருந்த சுவிட்சைக் கழற்றிச் சரிசெய்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். அன்று அண்ணன் வாயில் ஃபியூஸ் போனதுதான், எதிர்த்துப் பேச இன்னும் கரண்ட் வரவில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு விஷயத்தில் கை ஓடவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கிடங்கு. அயல்நாடுகளிலிருந்து கப்பலில் வந்த பழைய பேட்டரி, ஒயர், உடைந்த டிவி எல்லாம் அங்கே மலையாகக் கிடக்கும். செம்புக்காக ஒயரைக் கொளுத்துவார்கள். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் அண்ணியின் சின்ன மகள் இருமி இருமிச் சுருண்டுபோவாள். அண்ணி ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. "அனுப்புன நாடு திருப்பி எடுத்துக்கணும்னு சட்டம் இல்லையேம்மா. நாங்க எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?" எல்லா ஆபீஸிலும் இதே பதில்தான்.

அந்தச் சட்டத்தைப் பேசி முடிக்க எங்கள் மண்டபத்திலேயே கூட்டம் போட்டார்கள். கேட்காமல் குப்பை அனுப்பிய நாடு, ஏற்கெனவே கொட்டியதையும் சேர்த்துத் திரும்ப அள்ளிக்கொண்டு போகவேண்டும். அதுதான் பேச்சு. ஒரே ஒரு நாடு தலையை ஆட்டி மறுத்தாலும் அவ்வளவுதான், எல்லாம் வீண். கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் முடியாவிட்டால் அடுத்த கூட்டம் இரண்டு வருஷம் கழித்து.

அன்று ஒருவர் எழுந்து, நல்ல காற்றைச் சுவாசிப்பது மனித உரிமை என்று முழங்கினார். மைக் ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அண்ணி என் காதோரம், "எம் பொண்ணோட மூக்குக்கு இத யாரு போய்ச் சொல்றது?" என்றார்.

முழக்கத்தில் குறைவில்லை. சண்டையெல்லாம் திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில் என்பதில். அனுப்பும் நாட்டுக்காரர் ஒரு நெட்டையர். வாங்கும் நாட்டுக்காரி மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா. இருவரும் எலியும் பூனையும்தான். ஆறு மணி நெருங்கியதும் கூட்டத் தலைவரின் உதவியாளர் ஓடிவந்தாள்.

"அம்மா, கடிகாரத்த நிறுத்திடுங்க."

"நல்லாத்தானே ஓடுது? என்ன ரிப்பேர்?"

"ரிப்பேரெல்லாம் இல்ல. செவுத்துல ஆறு ஆகாத வரைக்கும் கூட்டம் முடியலன்னு கணக்கு. இந்த மாதிரி கூட்டத்துல இது வழக்கம்தாம்மா."

அண்ணி என்னைப் பார்த்தார். "பாத்தியா தம்பி, உங்கண்ணன் லேட்டா வந்துட்டு அளக்கற கதைய இங்க வழக்கமாவே வச்சிருக்காங்க!"

சிரித்துக்கொண்டே போய் நிறுத்தினார். கட்டடம் முழுக்க உள்ள கடிகாரங்களை ஓட்டுவது மின்சார அறையில் இருக்கும் தாய்க்கடிகாரம். மண்டபத்துக் கடிகாரத்தை மட்டும் கழற்றியிருக்கலாம். அவசரத்தில் அண்ணி தாயையே நிறுத்திவிட்டார். எல்லாச் சுவரிலும் ஆறுக்குச் சற்று முன்பாகவே நேரம் நின்றுபோனது.

வெளியே இருட்டிவிட்டது. உள்ளே ஆளுக்கு ஆள் கொட்டாவி. நெட்டையர் டீ குடிக்க எழுந்து போனார், போன வேகத்தில் முகம் சிவந்து திரும்பினார். கேன்டீன் ஷட்டர் மூடிக் கிடந்தது. கோட்டை மாட்டிக்கொண்டார், ஹோட்டலுக்குப் போகிறாராம். அவர் படியிறங்கினால் எல்லாம் போச்சு. அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார்.

கேன்டீனுக்கு ஓடினோம்.

"அண்ணே, ஷட்டரத் தொறங்க!"

"சாயங்கால டீக்கு ஆறு மணிக்குத்தான் தொறப்பேன்." சுவரைக் காட்டினார் கேன்டீன்காரர். "சீக்கிரம் தொறந்தேன்னு போன மாசம் மேனேஜர் வாங்கு வாங்குன்னு வாங்கினாரு."

"உங்க கைக்கடிகாரத்தப் பாருங்கண்ணே!"

"அது என் சொந்த விஷயம். டியூட்டின்னா செவுத்துக் கடிகாரந்தான்."

"நாந்தான் அத நிறுத்துனேன்!"

"அப்ப நீயே ஓட்டு, தொறக்கறேன்."

ஓட்டினால் கூட்டம் முடிந்துவிடும். ஓட்டாவிட்டால் நெட்டையர் போய்விடுவார். அண்ணி மின்சார அறைக்கு ஓடினார். துப்புரவுப் பெண்களுக்காக அங்கே வைத்திருந்த டீ கெட்டிலை ஒரு கையிலும், கண்ணாடி டம்ளர்களை மறு கையிலும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். நான் பன் பொட்டலத்தோடு பின்னால் ஓடினேன்.

நெட்டையர் கடைசிப் படியில் இருந்தார். அண்ணி டம்ளரை நீட்டினார். ஆவி பறக்கும் டீயைப் பார்த்ததும் அந்த மனுஷன் வாங்கிக்கொண்டார். மணம் பிடித்து மூக்குக்கண்ணாடி அம்மாவும் வந்தார். உட்கார அங்கே எங்கள் பழைய பெஞ்சு ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் பன்னை நனைத்துத் தின்றார்கள். அவர்கள் பாஷை எங்களுக்குப் புரியவில்லை. முதலில் தலை ஆடியது, அப்புறம் விரல் ஆடியது, கடைசியில் நெட்டையர் சிரித்தார்.

உதவியாளர் பிறகு விளக்கினாள். துறைமுகம் வரை ஏற்றிவரும் செலவு குப்பையை வாங்கிய நாட்டின் தலையில், கப்பல் செலவு அனுப்பிய நாட்டின் தலையில்.

அதற்குள் துப்புரவுப் பெண்கள் கெட்டிலைத் தேடி வந்துவிட்டார்கள். "எக்கா, எங்க டீய எடுத்து உலகத்துக்கே ஊத்திட்டியா?"

"கோவிச்சுக்காதீங்கடி. கேன்டீன் தொறந்ததும் முதல் டீ உங்களுக்குத்தான், என் கணக்குல."

எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்ததும் தலைவர் சுத்தியலைத் தட்டினார். ஒருவரும் மறுக்கவில்லை. அண்ணி ஓடிப்போய்க் கடிகாரத்தை ஓடவிட்டார். முள் ஆறைத் தொட்டதும் கேன்டீன் ஷட்டர் கடகடவென்று ஏறியது. "பாத்தியா, நேரம்னா நேரம்!" என்றார் கேன்டீன்காரர் பெருமையாக. தாய்க்கடிகாரத்தை நிறுத்தியதற்காக மேனேஜர் மறுநாள் அண்ணியை வறுத்தெடுத்தார். அண்ணி எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டார். அதை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

கையெழுத்துப் போட்டதும் புகை நின்றுவிட்டதா என்றால், இல்லை. நாடுகள் ஒவ்வொன்றாக ஒப்புதல் கொடுக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கடைசியில் ஒருநாள் குப்பையைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போக, கிடங்கு வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. அண்ணி அரைநாள் லீவு போட்டுவிட்டு மகளோடு வந்து நின்றார்.

"என்னம்மா, வேடிக்கையா?" என்று கேட்டார் லாரி டிரைவர்.

"இல்லைங்க, வழியனுப்ப வந்தேன். கூப்பிடாம வந்து வருஷக்கணக்கா உக்காந்திருந்த விருந்தாளி. வண்டி ஏறிட்டாங்களான்னு கண்ணால பாத்தாத்தானே எனக்குத் தூக்கம் வரும்!"