ராமசுப்பு சொன்ன ஒற்றைச் சொல்: எப்போதும்வென்றான் மூளை முகாமில் ஒரு நாள்

பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஈரோட்டில் சின்னதாக ஒரு கிளினிக். படிக்கிற காலத்திலிருந்தே நான் விடாமல் வாசித்துவரும் மூளை ஆய்வாளர் டாக்டர் மாடத்தி. புதூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்து, பெங்களூரில் ஆய்வகம் நடத்தியவர். ஓய்வு பெற்றபின் மாதம் ஒரு ஞாயிறு எப்போதும்வென்றான் கிராமத்தில் பக்கவாத நோயாளிகளுக்கு முகாம் போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். கார்த்திகையில் மழை சற்று விட்டதும் கிளம்பிவிட்டேன்.

முந்தின நாளே கோவில்பட்டி வந்து பேருந்து நிலையம் அருகே தங்கினேன். அறை வாடகை அறுநூறு ரூபாய். காலை ஏழு மணிக்கு எட்டயபுரம் வழியாகப் போகும் பேருந்து. முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம். இருபுறமும் உளுந்தும் மக்காச்சோளமும் பச்சைப்பசேலென்று நின்றன. வறண்ட பூமி என்று நினைத்து வருபவர்கள் இந்த மாதத்தில் ஏமாந்துபோவார்கள்!

இறங்கிய இடத்து டீக்கடைக்காரர், "டாக்டரம்மாவப் பாக்க வந்தியளா? தார் ரோட்டுலயே போங்க. குறுக்க எறங்குனா கரிசல் செருப்பப் பிடுங்கிக்கிடும்" என்றார். நான் குறுக்கே இறங்கினேன். பிடுங்கிக்கொண்டது.

மாடத்தி மேடம் இந்தத் துறைக்குச் செய்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் வேலை தொடங்கிய காலத்தில், நோயாளியிடம் காட்டிப் பெயர் கேட்கும் சோதனைப் படங்கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை. பனிமனிதன் படத்தைப் பார்த்துக் கரிசல்காட்டு விவசாயி பேசாமல் இருந்தால் அது நோயா, அறியாமையா? அவர் கம்பங்கதிரையும் ஆட்டுக்குட்டியையும் வரைந்து புதிய படத்தொகுப்பு செய்தார். இன்று பல நாட்டு ஆய்வாளர்கள் அதே வழியில் தங்கள் ஊர்ப் படங்களை உருவாக்குகிறார்கள். அடுத்து, பல மொழி பேசுகிறவருக்கு வீட்டு மொழிதான் முதலில் திரும்பும் என்று எழுதினார். அந்தக் கட்டுரைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. சில வருடங்கள் கழித்து, அது எல்லோருக்கும் பொருந்தாது என்று தன் கட்டுரையைத் தானே மறுத்து எழுதினார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது அந்த மறுப்பை வாசித்த அன்றுதான்.

முகாம் நடந்தது சமுதாயக் கூடத்தில். மேடம் ஒல்லியான உருவம், பருத்திச் சேலை. என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். மூன்றாவதாக வந்தவர் ராமசுப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வீட்டில் தெலுங்கு, ஊரில் தமிழ். இரண்டிலும் ஒரு வார்த்தைகூட வரவில்லை. மனைவி குருவம்மா அவரை உட்காரவைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"ஒண்ணுமே பேசலியா?" என்று மேடம் கேட்டார்.

குருவம்மா தரையைப் பார்த்தார். "ஒரே ஒரு பேரு சொல்லுதாவ மேடம். ருக்கு, ருக்குன்னு. எங்க சொந்தத்துல அப்படி ஒருத்தியும் கிடையாது. இவிய லாரி ஓட்டுனாவ. வருசத்துக்கு ரெண்டு தடவதான் வீட்டுக்கு வருவாவ. கை கால் பிடிச்சுவிடுதது நான். கூப்பிடுதது அவளயா?"

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் மட்டும் பதறவில்லை. "எப்பச் சொல்லுதாவ?"

"எண்ணெ போட்டுக் கையத் தூக்கும்போது."

மேடம் எழுந்துபோய் அவர் வலது கையை மெல்லத் தூக்கினார். தோள் உயரம் வருமுன் ராமசுப்பு முகம் சுளித்து, "ருக்கு... ருக்கோ" என்றார். மேடம் உடனே கையை இறக்கினார். "லாரி எங்கன ஓட்டுனாவ?"

"நாக்பூரு, ஜெய்ப்பூருன்னு சொல்லுவாவ."

மேடம் அவர் முன்னால் குனிந்து, வலிக்கிறதா என்று இந்தியில் கேட்டார்: "தர்த் ஹை?"

ராமசுப்பு அவரையே பார்த்தார். பிறகு தலையை வேகமாக ஆட்டி, "ஹை, ஹை" என்றார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ருக்கோன்னா இந்தியில நிறுத்துன்னு அர்த்தம். தோள் வலிக்கி, நிறுத்துன்னு சொல்லியிருக்காவ" என்றார் மேடம்.

"அப்ப அது பொம்பள இல்லயா?" குருவம்மா சிரித்தாரா அழுதாரா என்று எனக்குப் புரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "பாவி நான், கோவத்துல அழுத்தி அழுத்தித் தேச்சேனே!"

சாப்பாட்டு வேளையில், "இதை நான் தவறவிட்டிருப்பேன்" என்று மேடத்திடம் சொன்னேன். "நானும் ஒரு காலத்துல, வீட்டு மொழிதானன்னு தெலுங்கோட நிறுத்தியிருப்பேன்" என்றார் சாதாரணமாக.

போக நினைப்பவர்களுக்கு: முகாம் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை. கட்டணம் கிடையாது. மழைக்காலத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். நோயாளி எந்தெந்த ஊரில் என்ன வேலை பார்த்தார், யாரோடு எந்த மொழியில் பேசினார் என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். மருத்துவ அறிக்கைகளில் இது இருக்காது.

நான் கிளம்பும்போது, கூடத்தின் வாசலில் குருவம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் சொல்லிக்கொடுத்தபடி அதை அங்குலம் அங்குலமாகத் தூக்கிப் பார்த்தார்.

"ருக்கோ" என்றார் ராமசுப்பு.

குருவம்மாவின் கை அந்த இடத்திலேயே நின்றது.