அலமாரிச் சாவியும் தேவ அழைப்பும்

சாகக் கிடந்த ஒரு கிழவி கடைசியாக இராப்போஜனம் கேட்டாள். கிறிஸ்துவின் நினைவாகக் கொடுக்கும் ஒரு துண்டு அப்பம், ஒரு மிடறு திராட்சரசம். அது அவளுக்குக் கிடைக்காமல் தடுத்தவன் நான். அறியாமல் செய்யவில்லை. நன்றாகப் படித்துவிட்டுத்தான் செய்தேன்.

அறுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்களுடையது சின்ன லுத்தரன் சபை. வாராவாரம் ஜெபம் நடத்த, குருப்பட்டம் பெறாத ஓர் உபதேசியார் இருந்தார். பட்டம் பெற்ற குருவானவர், எங்கள் பேச்சில் ஐயர், திருவள்ளூரிலிருந்து மாதம் ஒருமுறை ரயில் மாறி வந்து இராப்போஜனம் கொடுத்துவிட்டுப் போவார். நான் பள்ளி ஆசிரியன், சபைச் செயலாளர். அப்பமும் ரசமும் கிண்ணமும் இருந்த அலமாரியின் சாவி என் சட்டைப் பையில் இருக்கும்.

சபை சின்னதானாலும் கட்சி இரண்டு. ஊழியம் சபையாருடையது, அவர்கள் கூடி ஒருவரை அழைத்தால் அதுவே கடவுளின் அழைப்பு என்றது ஒன்று. ஊழியம் கடவுளே ஏற்படுத்திய பதவி, மூத்த குருமார் தலையில் கைவைத்தால்தான் அது வரும் என்றது மற்றொன்று. இந்த இரண்டாவது கட்சிக்கு நான்தான் மூளை. அந்நாளில் கிறிஸ்துவே வந்து வாசலில் நின்றிருந்தாலும், எங்கே பட்டம் வாங்கினீர் என்று விசாரித்த பிறகே உட்காரச் சொல்லியிருப்பேன்.

ஒரு கார்த்திகை மழையில் ஆரணியாறு பெருகி ரயில் நின்றுபோனது. கோயிலைப் பெருக்கி வந்த விதவைக்கு அப்போதுதான் கடுமையான காய்ச்சல். மத்தியானம் உபதேசியாரும் அவளுடைய மகளும் சொட்டச் சொட்ட நனைந்து என் வீட்டுக்கு வந்தார்கள்.

"கெழவி பொழுது தாங்காது சார். வாயத் தொறந்தா ராப்போசனங்குது. சாவி குடு சார்," என்றார் உபதேசியார்.

"கொடுக்க உமக்கு அழைப்பு ஏது?"

"சபையாருங்க எல்லாம் சொல்லித்தான் வந்துக்கிறேன். போதாதா?"

"போதாது. ஐயர் வரட்டும்."

"ஐயரு இன்னா, நீஞ்சிக்கினா வருவாரு?"

மகள் குறுக்கிட்டாள். "கொழந்த சாவக் கெடந்தா யாரு வேணா ஞானஸ்நானம் குடுக்கலாம்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

அது ஞானஸ்நானம், இது இராப்போஜனம், இரண்டும் ஒன்றல்ல என்று நின்றபடியே விளக்கினேன். அருமையான விளக்கம். இன்றைக்கும் அதில் யாரும் ஓட்டை காண முடியாது.

"எங்கம்மா அப்பம் கேக்குது சார். வெளக்கமா கேட்டுது?"

சாவி என் பையிலேயே இருந்தது. பொழுது சாய்வதற்குள் கிழவி இறந்தாள்.

தண்ணீர் வடிந்தபின் ஐயர் வந்தார். சபையின் ஒழுங்கைக் காத்த கதையை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சபையே கேட்டுக்கினா, நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். என் கட்சிக்காரரே இப்படிச் சொன்னதும் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

எழுபதுகளில் ஒரு ஞாயிறு, எல்லோரும் பார்க்கச் சாவியைக் கோயில் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். அடுத்த ஞாயிறு அலமாரியில் புதுப் பூட்டு தொங்கியது. என்னிடம் பாடம் கேட்டவர்கள்தான் பூட்டியிருந்தார்கள். என் காரணங்களை என்னிடமே, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். நல்ல வாத்தியார் நான்.

கடைசியில் அந்த மகளைத் தேடிப் போனேன். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "மன்னிக்க எனக்கு அழைப்பு கீதுங்களா சார்? சபை கூடிச் சொல்லணுமா, யாராச்சும் தலையில கை வெக்கணுமா? படிச்சவரு, பாத்துச் சொல்லுங்க."

பின்னால் நின்றவர்கள், "நவுரு பெரியவரே, ஷிப்டுக்கு நேரமாவுது," என்று கத்தினார்கள்.

"தட்ட நீட்டுங்க," என்றாள் அவள்.

நீட்டினேன். சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். மன்னித்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.