டிரைவுக்கு நான் வச்ச பேரு

அப்போ, சண்டை நடந்த காலத்துல, நான் தெரணியகலைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரி ஆபிஸ்ல கிளாக்கரா இருந்தேன். ஒரு நாள் பகல் ஒரு மணிக்கு கொழும்பு பொலிஸ்ல இருந்து போன். அங்க கடையில வேலை பார்த்த என் தம்பியைச் செக்பொயிண்ட்ல பிடிச்சிட்டாங்களாம். கையில ஐடென்டி கார்ட் இல்லை. இவன் எங்க தோட்டத்து ஆள்னு தோட்டத்து மேனேஜர் துரை சைன் வச்ச லிஸ்ட் நாலு மணிக்குள்ள ஃபேக்ஸ்ல வரணும், இல்லைன்னா வேற இடத்துக்கு அனுப்பிருவோம்னாங்க.

தோட்டத்துல குடியிருக்கிற ஆள் லிஸ்ட் பெரிய ஆபிஸ் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. பெரிய கிளாக்கர் ஆபிஸைப் பூட்டிட்டு, சாவியோட கல்யாண வீட்டுக்குப் போயிட்டாரு. நல்ல வேளை, கம்ப்யூட்டரை அணைக்கலை. எங்க ஆபிஸ்ல இருந்து கேபிள் வழியா அதைத் திறக்கலாம். ஆனா முந்தின நாள் இடிக்குப் பிறகு கம்ப்யூட்டர்ல அந்தத் தொடர்பு விட்டுப் போயிருந்துச்சு, புதுசாப் போடணும்.

கம்ப்யூட்டர் பார்க்குற இரத்தினபுரி டெக்னீஷியனுக்குப் போன் போட்டேன், அவரு சிங்களத்துல வழி சொன்னாரு. "டிரைவுக்கு ஒரு பேரு போடுங்க, அப்புறம் பாதையை அடிங்க." நாங்க எந்த பீரோவுக்கும் தோட்டத்துப் பிரிவு, அதான் டிவிஷன் பேரைத்தான் ஒட்டுவோம். நானும் கீழ் டிவிஷன்னு அடிச்சேன். டிவைஸ் பேரு செல்லாதுன்னு வந்துச்சு. ஃபேக்டரின்னு அடிச்சேன். செல்லாது. திரும்பக் கூப்பிட்டா அவரு போன் எங்கேஜ். சனியன் பிடிச்ச மெஷின்! மேசையைக் குத்துனேன். வாசல்ல அம்மா கொழுந்துக் கூடையை இறக்காமலே நின்னுக்கிட்டு இருந்தாங்க.

மூணே காலுக்குத்தான் அவரு கிடைச்சாரு. "அட, என்ன பேரு போட்டீங்க? ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்தும், பக்கத்துல மேலயும் கீழயுமா ரெண்டு புள்ளியும்தான் போடணும்." அடிச்சேன், திறந்துச்சு.

லிஸ்ட்ல நாங்க குடியிருந்த லயத்து வரிசை வந்துச்சு. எல்லா வீடும் இருந்துச்சு, எங்க வீட்டைத் தவிர. லிஸ்ட்டை அடிச்சவளே நான்தான். கிளாக்கரம்மா தன் வீட்டைத்தான் முதல்ல பார்த்துக்கிட்டான்னு யாரும் சொல்லிரக் கூடாதுன்னு, எங்களைக் கடைசிக்கு வச்சிருந்தேன். அப்புறம் மறந்தே போயிட்டேன். பாவி நான்!

அழுதுக்கிட்டே தம்பி பேரை அடிச்சு, பிரிண்ட் எடுத்து, பங்களாவுக்கு ஓடி துரைகிட்ட சைன் வாங்கிட்டு வந்தேன். ஃபேக்ஸ் போகும்போது நாலே கால். பொலிஸ்ல, "அவனை அப்பவே அனுப்பியாச்சே"ன்னாங்க.

அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "நம்ம பேரு அதுல இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சும்மா. மெஷின்தான் கெடுத்துருச்சு."

தம்பி வீடு வந்து சேர இருபத்தாறு நாளாச்சு. அம்மா இன்னைக்கும் அந்த மெஷினைத்தான் திட்டுறாங்க.